ஆறு வடக்கே திரும்பிய கதை

மிருகங்களுக்கு வாயும் பேச்சும் இருந்த அந்தக் காலத்தில், நியூயார்க் மாநிலத்தின் மேட்டுச் சீமையில் எல்லா ஆறும் தெற்கேதான் ஓடும். எங்கள் மாவட்டத்து ஆறும் அப்படித்தான். எங்கள் ஆறு வடக்கே ஓடுகிறது என்று இன்று மார்தட்டிக்கொள்கிறோமே, அதெல்லாம் அன்று கிடையாது.

அங்கே தட்டைவாலி என்றொரு பீவர் இருந்தாள். பீவர் தெரியுமல்லவா? பல்லால் மரத்தை அறுத்து ஆற்றுக்கு அணை கட்டும் பிராணி. தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் அந்த இனத்துக்குச் சோறு இறங்காது, அடைத்துவிட்டுத்தான் மறுவேலை. தட்டைவாலி பள்ளத்தாக்கின் தெற்கு வாயில் கட்டிய அணையில் எறும்பு நுழைய இடமில்லை. மிச்சத் தண்ணீர் வழிய எல்லாரும் ஓரமாக ஒரு கலிங்கு விடுவார்கள். இவள் வீம்புக்கு அதையும் அடைத்துவிட்டாள்.

வசந்தத்தில் மலைப்பனி உருகி இறங்கியது. நரியின் வளை முழுகியது. இன்னும் நீந்தத் தெரியாத தட்டைவாலியின் நான்கு குட்டிகளும் வீட்டுக் கூரையில் ஏறி நின்றன.

"அணையை உடை," என்றது நரி.

"உடைச்சா மொத்த வெள்ளமும் தெற்கே பாயுமே. அங்கே மானுங்க குட்டி போட்டிருக்கு," என்றாள் தட்டைவாலி.

"அவங்க வேற ஊரு. நமக்கென்ன?"

"நான் செஞ்ச தப்புக்கு அடுத்த ஊரு சாகணுமா?" என்றவள், வடக்கு மேட்டுக்குப் போய் மண்ணைத் தோண்ட ஆரம்பித்தாள்.

புருஷன் மஞ்சள்பல்லன் பின்னாலேயே ஓடிவந்தான். "என்ன காரியம் பண்றே? தண்ணிக்கு வழி விடுற பீவரை எவனாவது பார்த்திருக்கானா? நம்ம மானம் போயிடும்."

"போனா போகட்டும். பிள்ளைங்க இருக்கட்டும். நீங்களும் தோண்டுங்க."

விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை இருவரும் தோண்டினார்கள். மேடு உடைந்து சலசலவென்று முதல் சத்தம் கேட்டதும், தட்டைவாலியின் கை தானாக மண்ணை அள்ளியது, அடைப்பதற்கு. அந்தக் கையை அவளே கடித்துப் பிடித்துக்கொண்டாள். ரத்தம் வந்தது. விடவில்லை.

வெள்ளம் பாறையிலிருந்து அருவியாகக் குதித்து, வடக்கே பெரிய ஏரியைப் பார்த்து ஓடியது. நான்கு குட்டிகளும் பிழைத்தன. தெற்கே ஒரு மான்குட்டிக்குக் கால்கூட நனையவில்லை.

அன்று திரும்பிய ஆறுதான், இன்றும் எங்கள் மாவட்டத்தில் வடக்கு நோக்கியே ஓடுகிறது. வெளியூர்க்காரர்கள் வரைபடத்தைப் பார்த்து, "என்னங்க, உங்க ஆறு தலைகீழா ஓடுது?" என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். பள்ளம் கண்ட இடத்தில் பாய்கிற ஆறு ஊருக்கு ஊர் உண்டு. எங்கள் ஆற்றுக்கு வழி விட்டவள் ஒரு தாய்.