எட்டும் கேட்கணும்

நாச்சிமுத்து ஹெட்மாஸ்டராக இருந்த காலத்தில், வராந்தா முனையில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே போதும், பன்னிரண்டு வகுப்பும் கப்சிப். அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. ரிட்டையர் ஆன கையோடு மனிதர் என்ன செய்தார் தெரியுமா? சிங்காநல்லூர் வீட்டுப் போர்ட்டிகோவில் ஒரு பழைய காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவரைவிட நாலு வயது இளையது. எஞ்சின் பின்பக்கம். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் ஊற்ற வேண்டாம், காற்றடித்தே ஆறிக்கொள்ளும்.

அந்த மாதிரி எஞ்சினுக்குக் கோயமுத்தூரில் ஒரே மெக்கானிக்தான் என்றார்கள். போத்தனூர் ஜெசிந்தா, முப்பத்தைந்து வயசுப் பெண். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தவள் முதல் நாளே கண்டிஷன் போட்டுவிட்டாள்.

“நான் கை வைக்க மாட்டேங்க சார். சொல்லித் தாரேன். ஸ்பானர் உங்க கையிலதான் இருக்கணும்.”

இப்படித்தான் அறுபது வயதில் நாச்சிமுத்து படிக்கிற பிள்ளை ஆனார். விளையாட்டாக “டீச்சர்” என்று கூப்பிட ஆரம்பித்தவர், ஒரே மாதத்தில் மனசாரக் கூப்பிட்டார். பின்னே? நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, “ஃபேன் பேரிங் போயிருச்சுங்க” என்பாள். கழற்றிப் பார்த்தால் போயிருக்கும்! முப்பத்தாறு வருஷம் பிள்ளைகளைக் கட்டி மேய்த்தவருக்கு இப்படி ஒரு காது வாய்க்கவில்லையே என்று இருந்தது.

ரெண்டு வருஷம் ஓடியது. வண்டி உயிர் பெற்றது.

அந்தச் சனிக்கிழமை காலை ஜெசிந்தா வந்தபோது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நாச்சிமுத்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

“கேளுங்க டீச்சர். போன வாரம் வரைக்கும் டிக் டிக்குனு தையல் மெஷினாட்டம் கத்திட்டிருந்துச்சு. நானே எட்டு வால்வையும் டைட் பண்ணிட்டேன். இப்ப பாருங்க, கப்சிப்!”

ஜெசிந்தா சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினாள்.

“எங்கயாச்சும் கிளம்பறீங்களா சார்?”

“நாளைக்குக் கோத்தகிரி! கல்யாணமான புதுசுல நாயகியை பஸ்ஸுல கூட்டிட்டுப் போனேன். மலை மேல வரைக்கும் நின்னுட்டேதான் வந்தா. ‘ஒரு நாளைக்காச்சும் உக்காந்து போகணுமுங்க’ன்னா. முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு. நாளைக்கு முன்சீட்டுல உக்கார வைக்கப் போறேன்.”

“அம்மா என்ன சொன்னாங்க?”

“‘உங்க இஷ்டம்’னா. இப்பல்லாம் அவ ஒண்ணும் சொல்றதில்ல. அழுக்குப் போகட்டும்னு கார்புரேட்டரை அவ இட்லிக் குண்டாவுல போட்டு வேகவச்சேன்னு ஒரு ஆட்டம் ஆடினா பாருங்க! ‘சைலன்ஸ்!’னு ஒரே ஒரு அதட்டு. ஒரு மாசமா வீடும் கப்சிப்.”

அந்த நேரம் பார்த்து ரங்கநாயகி டீ கொண்டுவந்தாள். இரண்டு டம்ளரையும் திட்டில் வைத்தாள். சர்க்கரை போதுமா என்றுகூடக் கேட்காமல் உள்ளே போய்விட்டாள். ஜெசிந்தா அவள் போன வாசலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வால்வைப் பாக்கணும். சூட்டோட தொறக்கக் கூடாதுங்க சார். ஆறட்டும். சாயங்காலம் வாரேன்.”

சாயங்காலம் வந்ததும் எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. மூடியைக் கழற்றச் சொல்லி, சவரப் பிளேடு கனத்தில் ஒரு தகட்டை நீட்டினாள்.

“வால்வுக்கும் அதை அமுக்குற இரும்புக் கைக்கும் நடுவுல இதை விடுங்க.”

போகவில்லை. அடுத்ததிலும் போகவில்லை. நாச்சிமுத்துவுக்கு வேர்த்துவிட்டது.

“எட்டுலயும் போகலையே டீச்சர்.”

“எப்படிப் போகும்? மலை ஏறும்போது வால்வு கங்காட்டம் காயுமுங்க. மூடும்போது அதோட சீட்டுல வந்து ஒரு கணம் உக்காருது பாருங்க, அப்பத்தான் அந்தச் சூட்டை எறக்கி வைக்கும். உக்காரத்தான் இந்த இடைவெளி. இடைவெளி இருந்தா சத்தமும் இருக்கும்.”

“இல்லாட்டி?”

“சத்தமே வராது. எரிஞ்சு போயிரும்.”

“எரியறதுக்கு முன்னாடி ஏதாச்சும் சொல்லாதா?”

“சொல்லிட்டுத்தானுங்க இருந்துச்சு. நீங்கதான் டைட் பண்ணிட்டீங்க.”

நாச்சிமுத்து ஸ்பானரை எடுத்தார். பிறகு குனிந்து ஒவ்வொரு வால்வாக இளக்கினார். தகடு வழுக்கிக்கொண்டு போகும்வரை விடவில்லை. ஜெசிந்தா கையைக் கட்டிக்கொண்டு நின்றாளே தவிர ஒரு நட்டைத் தொடவில்லை. மூடியைப் பூட்டி ஸ்டார்ட் செய்தார். டிக் டிக் டிக்.

“ஸ்க்ரூ டிரைவரை வச்சு ஒவ்வொண்ணா கேளுங்க சார். எட்டும் கேட்கணும். எது கேட்கலையோ அதுதான் முதல்ல எரியும்.”

கேட்டார். எட்டும் கேட்டது. இந்தச் சத்தமா காதுக்கு இத்தனை சுகம் என்று அவருக்கே ஆச்சரியம். சிரித்துக்கொண்டே எஞ்சினை நிறுத்தினார்.

நிறுத்தியதும்தான் வீட்டுக்குள்ளிருந்து சத்தமே வராதது உறைத்தது. சமையல்கட்டில் விளக்கு எரிகிறது, ஆள் நடமாட்டம் தெரிகிறது. ஒரு கரண்டி விழுகிற சத்தம் இல்லை. நாச்சிமுத்து ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

“டீச்சர், உள்ள ஒரு மாசமா...”

“நான் வண்டி மட்டும்தானுங்க பாப்பேன்” என்றாள் ஜெசிந்தா, கறையே படாத கையைத் துணியில் துடைத்தபடி.

அவர் உள்ளே போனார்.

“நாயகி, அன்னிக்கு நீ சொல்ல வந்ததைச் சொல்லு. நான் வாயைத் தொறக்கல.”

ரங்கநாயகி அடுப்பை அணைத்தாள். பிறகு ஆரம்பித்தது பாருங்கள்! இட்லிக் குண்டா, புது டைல்ஸில் கிரீஸ், தங்கச்சி மகள் வளைகாப்புக்கு வராமல் வண்டிக்கடியில் படுத்துக் கிடந்தது என்று ஒவ்வொன்றாக வந்தது. “நான் என்ன உங்க அஞ்சாங்கிளாஸ் பிள்ளையா?” என்று அவள் போட்ட போடு பக்கத்து வீட்டு ஜன்னலையே திறக்க வைத்தது. நாச்சிமுத்து சுவரோடு ஒட்டி நின்று, பழக்கதோஷத்தில் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே கேட்டார்.

அரைமணி கழித்து வெளியே வந்தார். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. முகத்தில் பயமும் இருந்தது, அதைவிடப் பெரிதாக ஒரு நிம்மதியும் இருந்தது.

“எட்டும் கேட்டுச்சுங்களா சார்?”

அவர் மடக்கிய விரல்களைப் பார்த்தார்.

“ஏழு.”

“கோத்தகிரியைப் பத்தி என்ன சொன்னாங்க?”

“அதைப் பத்தி மட்டும் வாயே தொறக்கல டீச்சர்.”

ஜெசிந்தா தகட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினாள்.

“அப்ப மறுபடியும் உள்ள போங்க சார்.”