வாங்கும் மேஜை

பிலோமினாவுக்கு அது மூன்றாவது கடை. பன்னிரண்டு வருடம் அடுத்தவர் ஸ்டுடியோவில் உழைத்துச் சேர்த்த பணம் பையில் இருந்தது. வாங்குகிற கேமரா பழுதானால் இன்னொன்று வாங்க வழியில்லை.

கடைக்காரர் குலசேகர் இரண்டு பழைய கேமராக்களை எடுத்து வைத்தார். ஒன்று பளபளத்தது. மற்றதில் பிடி ரப்பர் கழன்றிருந்தது.

“பளபளன்னு இருக்கிறது ஒரு டாக்டரோடது. ஆசைக்கு வாங்கி அலமாரியிலேயே வெச்சிருந்தார். சோதிச்சுப் பார்க்கிறதெல்லாம் இங்க கிடையாதும்மா. தொழில் தெரிஞ்சவங்க கண்ணால பார்த்தே சொல்லிடுவாங்க.”

“வெளிச்சத்துல வெச்சுப் பார்க்கலாமா சார்?”

“நல்லாப் பாரு. உனக்கு என்ன தெரியப் போகுது?”

ஜன்னலோரம் இருந்தது, பழைய கேமராக்களை விலைக்கு வாங்கும் மேஜை. அங்கே அவர் தம்பி இருந்தார். பிலோமினா இரண்டையும் அவர் முன்னால் வைத்துவிட்டு, விற்க வந்தவள் போல ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

தம்பி நிமிராமலே இரண்டையும் கம்ப்யூட்டரில் மாட்டினார். “இந்தப் பளபளப்பு ரெண்டு லட்சம் படம் எடுத்தாச்சு. ஷட்டர் எப்ப வேணாலும் போகும். ரெண்டாயிரத்துக்கு மேல தர முடியாது. இன்னொண்ணு முப்பதாயிரம் படம்தான். ஆனா ரப்பர் போச்சே. ஆறாயிரம்.”

குலசேகர் ஓடி வந்தார். “டேய், ரெண்டும் நம்ம கடை கேமராடா!”

“இந்த மேஜைக்கு எது வந்தாலும் குறை சொல்லணும்னு நீங்கதானே அண்ணே சொன்னீங்க?”

பிலோமினா எழுந்திருக்கவில்லை. கால் வலித்தது.

“ரப்பர் போனதையே குடுங்க சார். தம்பி சொன்னதுக்கு மேல ஐநூறு தர்றேன். ரப்பரை நானே ஒட்டிக்கிறேன்.”