மெய்யப்பன் கல்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. ஏற்காட்டில் மலைச் சைக்கிள் ஓட்டும் ஒருவர் சொன்னார். அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்லக்கூடியவர். அதனால் கடைசி வரியை மட்டும் நானே விசாரித்தேன்.

"கோச், அந்தப் பேரை எடுக்கச் சொல்லுங்க. இல்லைன்னா நான் ஊருக்குக் கிளம்பறேன். சைக்கிளைக் கார்ல கட்டியாச்சு."

மெய்யப்பனுக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது. கோச் நிமிரவில்லை. தன் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மெய்யப்பனைவிட வயதில் நன்றாக இளைய பெண்.

"எந்தப் பேரு சார்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

காட்டுக்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதையில், ஒரு வளைவு முடிந்ததும் முழங்கால் உயரப் பாறை. சைக்கிளை விட்டு இறங்காமல் அதைத் தாண்ட வேண்டும். மெய்யப்பன் அங்கேதான் விழுவார்.

அந்தப் பாதையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த இடத்தில் யார் அதிகம் விழுகிறாரோ, அந்த இடத்துக்கு அவர் பெயர்.

"ஞாயித்துக்கிழமை போட்டி. 'இதோ மெய்யப்பன் கல்லை நெருங்குறாங்க'ன்னு மைக்கில கத்துவான். என் பொண்ணு அங்க நிப்பா. மறுநாள் ஸ்கூல்ல போய் என்ன சொல்லுவா? எங்கப்பா ஒரு கல்லுன்னா?"

"கல்லுக்கு என்ன குறைச்சல் சார்?"

"சிரிக்காதீங்க. பழைய பேரையே வைக்கச் சொல்லுங்க."

"பழைய பேரு என்ன?"

"ஜெசிந்தா கல்."

"அவங்க கோவிச்சுக்க மாட்டாங்களா?"

"அவ எங்க இருக்கா கோவிச்சுக்க? விழுந்து விழுந்து வெறுத்து ஓடியிருப்பா. நானும் ரெண்டு மாசமா வர்றேன், அந்தப் பேர்ல ஒரு ஈ காக்கா இல்ல இங்க."

கோச் எண்ணெய்க் குப்பியை மூடினார். சைக்கிளை உருட்டிக்கொண்டு மரங்களுக்குள் நடந்தார். மெய்யப்பன் பொருமிக்கொண்டே பின்னால் போனார்.

பாறை வந்தது. கோச் குனிந்து அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு மேட்டுக்குப் போய்ச் சைக்கிளில் ஏறி, சரிவில் ஓட்டிக்கொண்டு வந்தார். பாறை விளிம்பில் உடம்பைப் பின்னால் சரித்தார். அவ்வளவுதான். மறுபக்கம் இருந்தார்.

"இதை எதுக்கு எனக்குக் காட்டுறீங்க? உங்களுக்கு வரும். நீங்க கோச்!"

"உங்க பொண்ணு எந்தப் பக்கம் நிப்பா சார்?"

"அதோ, அந்த சில்வர் ஓக் மரத்துக்கிட்ட."

"நல்ல இடம். எங்கம்மாவும் அங்கதான் நிப்பாங்க. மைக்கில கல்லோட பேரைச் சொல்றப்பல்லாம் கை தட்டுவாங்க. எனக்கு மானம் போகும்."

மெய்யப்பன் அந்த மரத்தைப் பார்த்தார்.

அவருடைய போனில் இவருடைய எண் 'கோச்' என்றுதான் இருந்தது. வேறு பெயர் இருக்குமா என்று அவர் கேட்டதே இல்லை.

பிறகு பாறையைப் பார்த்தார்.

"சைக்கிளை அவுக்கட்டுமா சார்?"

"நானே அவுத்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை ஒரு சிறுமி கை தட்டினாள் என்றும் எனக்குச் சொன்னவர் சொன்னார். அதற்கு நான் பொறுப்பில்லை.

கோச்சின் பெயர் ஜெசிந்தா. அவரிடமே கேட்டேன்.