மன்னரின் சுண்டுவிரல்

மருதாபுரி என்று ஓர் ஊர். அதற்கு இரண்டு தெரு, இரண்டு தண்டோராக்காரர்கள். கீழத்தெருவுக்குச் சடையாண்டி, மேலத்தெருவுக்கு வீரணன். சேதி சொல்லி முடித்ததும் வீட்டுக்கு வீடு அரிசி போடுவார்கள். எதிர்த்தெருவைத் திட்டினால் கூடுதலாக விழும். அப்புறம் கேட்பானேன்! இருவரும் வாய்க்கு வந்ததை அளந்தார்கள். அடுத்த தெருத் தண்டோராவைக் காதில் வாங்குவதே பாவம் என்று நினைத்தார்கள் அவ்வூர் மேதாவிகள்.

ஒரு நாள் காலை, "மேலத்தெருவான் குளத்துல விஷம் கலந்துட்டான்!" என்று முழங்கினான் சடையாண்டி. அரண்மனை இருந்தது கீழத்தெருவில். மன்னர் விசயதரர் காதிலும் அதுதான் விழுந்தது.

"பொழுது சாய்வதற்குள் மேலத்தெருவான் ஒருவன்கூட ஊரில் இருக்கக் கூடாது!" என்று ஆணையிட்டார்.

அரசவை விகடர் சொக்கேசர் யோசித்தார். பிள்ளைகுட்டிகளோடு அந்த ஜனங்கள் எங்கே போவார்கள்? வாதாடினால் தன் தலைதான் போகும்.

"ஆகட்டும் மன்னா. அதற்குள் ஒரு வேடிக்கை. சுண்டுவிரலில் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். மாம்பழம் நறுக்கும்போது கத்தி கீறிவிட்டது என்று வாயிற்காவலனிடம் சொல்லுங்கள். மதியம் தெருவில் ஒரு நடை போய் வருவோம்."

வேடிக்கை என்றால் மன்னருக்கு உயிர். அப்படியே செய்தார்.

மதியத்துக்குள் சடையாண்டி, "மேலத்தெருவான் ராசா கையை வெட்டிட்டான்!" என்று ஊளையிட்டான். அங்கே வீரணன், "வெட்டினது கீழத்தெருவான்!" என்றான்.

மன்னர் சிரித்துக்கொண்டே கீழத்தெருவில் இறங்கினார். துணியை அவிழ்த்து இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். "பாருங்கள், எனக்கு ஒன்றுமில்லை!"

கூட்டம் உற்றுப் பார்த்தது. முன்னால் நின்ற தடியன் கத்தினான்: "ராசாவுக்குத்தான் கை போயிடுச்சே! இவனுக்கு ரெண்டும் இருக்கு. மேலத்தெருவான் எவனோ வேஷம் கட்டி வந்திருக்கான். அடிங்கடா!"

கிரீடம் ஒரு பக்கம் உருள, மன்னர் விழுந்தடித்து அரண்மனைக்குள் ஓடினார். பின்னாலேயே சொக்கேசரும் ஓடினார்.

"மடையர்கள்! கையைக் கண்ணால் பார்த்தும் நம்பவில்லையே!" என்று மூச்சிரைத்தார் மன்னர்.

"கோபிக்காதீர்கள் மன்னா. அவர்களும் தாங்களும் கேட்டது ஒரே தண்டோராதான். அவர்களாவது தாங்கள் காட்டிய கையைப் பார்த்தார்கள். தாங்கள் குளத்தின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லையே!"

மன்னர் முகம் செத்துவிட்டது. சொக்கேசரோடு பின்வாசல் வழியாகக் குளத்துக்குப் போனார். அங்கே மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. மன்னர் தன் மண்டையில் தானே குட்டிக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். ஆணை ரத்தானது. சொக்கேசர் கழுத்தில் முத்துமாலை விழுந்தது.

ஆனால் கீழத்தெருக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், மன்னருக்கு இன்றைக்கும் ஒரு கைதான்.