ஊட்டிக்குப் போன உண்ணிகள்

இதை நான் நேரில் கேட்கவில்லை. என்னோடு படித்த மலர்க்கொடி சொன்னதைத்தான் எழுதுகிறேன். அவள் எதையாவது கூட்டியிருந்தால் அது என் பிழையல்ல.

மாட்டு உண்ணி எந்த மாதம் பெருகும், எந்த மாதம் குறையும் என்று முன்கூட்டியே சொல்லும் கணக்கு ஒன்றை உருவாக்குவதுதான் அவளுடைய ஆராய்ச்சி. மாதம் ஒரு சனிக்கிழமை காரமடைப் பக்கத்து ஊர் ஒன்றுக்குப் போய், மாட்டின் ஒரு பக்கத்து உண்ணிகளை எண்ணி இரட்டிப்பாள். உண்ணி மருந்து அடித்த மாடு கணக்குக்கு உதவாது; மருந்தே அடிக்காத மாடு என்று அவளுக்குக் கிடைத்தது சென்னியப்பனின் செவலைப் பசு ஒன்றுதான். அதில் பன்னிரண்டு மாதமும் பூஜ்யம். பூஜ்யத்தை இரட்டித்து என்ன ஆகப்போகிறது? "காரணம் கண்டுபிடி, இல்லாவிட்டால் இன்னொரு வருஷம் எண்ணு" என்றுவிட்டார் பேராசிரியர்.

ஒரு நாள் காலையில் பால் சொசைட்டி வரிசையில் சென்னியப்பனை மடக்கினாள். "ஏனுங்க, உங்க மாட்டுல மட்டும் எப்படி உண்ணியே இல்லை?"

அவர் கேனைக் கீழே வைத்தார். "இல்லாம என்ன அம்மிணி? சித்திரை வெயில் தாங்காம எல்லாம் ஊட்டிக்குப் போயிருச்சு. மேட்டுப்பாளையத்துல நான்தான் பஸ் ஏத்தி விட்டேன்."

"டிக்கெட்டு?" என்றார் பின்னால் நின்ற மாரப்பன்.

"குஞ்சுகளுக்கு அரை டிக்கெட்டு. புரட்டாசி மழைக்குத் திரும்பி வந்துச்சு பாரு, ஒவ்வொண்ணும் சுவெட்டர் போட்டுக்கிட்டு!"

மலர்க்கொடி நோட்டில் 'புரட்டாசி' என்று எழுதிவிட்டு, அதை அடித்தாள்.

"ஒரு உண்ணி மூவாயிரம் முட்டை இடும்னு இந்தப் புள்ளை சொல்லுது. என்ற மாட்டு உண்ணி மூணு லட்சம்" என்றார் சென்னியப்பன்.

"எண்ணுனீங்களாக்கும்?" என்றார் மாரப்பன்.

"பாதியை நான் எண்ணுனேன். மீதியை அதுவே எண்ணிச் சொல்லுச்சு. அது எதுக்கப்பா பொய் சொல்லுது?"

"அப்ப ஐப்பசியில நான் வந்தப்ப எங்கீங்க போச்சு?" மலர்க்கொடி விடவில்லை.

"அதைக் கேளு. அடைமழையில செவலை வாய்க்கால் சேத்துல வயிறு வரைக்கும் பொதைஞ்சு போச்சு. ஊரே இழுத்தும் அசையலை. ஒரு அதட்டுப் போட்டேன். உண்ணி அத்தனையும் அடிவயித்துல கூடி, மாட்டைத் தூக்கிக்கிட்டு வந்து கட்டுத்தறியில நிறுத்துச்சு! பாவம், அலுத்துப் போச்சேன்னு லீவு விட்டேன். நீ வந்தது அந்த லீவுலதான்."

வரிசையே சிரித்தது. மலர்க்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை. பேராசிரியரிடம் லீவு என்றா சொல்வது?

அப்போது பால் ஊற்றிவிட்டு வந்த சென்னியப்பனின் மனைவி பாவாயி, "லீவுமில்லை, ஒண்ணுமில்லை கண்ணு" என்றார். "சனிக்கிழமை நீ வர்றேன்னு வெள்ளிக்கிழமையே நான் உக்காந்து ஒண்ணு விடாம பொறுக்கிருவேன். காலேஜ் புள்ளை வர்றப்ப மாட்டை உண்ணியோட நிறுத்துனா நம்மளைப் பத்தி என்ன நினைக்கும்?"

மலர்க்கொடி நோட்டைப் புரட்டினாள்; பக்கமெல்லாம் பூஜ்யம். ஒரு வருஷ உழைப்பு! "எத்தனை பொறுக்கினீங்கன்னு... சுமாராவது..."

"சுமார் என்ன சுமார்? காலண்டர்ல மாசாமாசம் குறிச்சு வெச்சிருக்கேன். இந்த மனுசன் வெளியில வந்து எத்தனைன்னு அளப்பாருன்னு எனக்குத் தெரியாதா?"

அந்தக் காலண்டரைப் பிறகு நானே போய்ப் பார்த்தேன். சித்திரையில் முப்பத்தெட்டு. ஐப்பசியில் நானூற்றுப் பன்னிரண்டு. பன்னிரண்டு மாதமும் இருக்கிறது. சுவெட்டர் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.