வில்பர்ட் இல்லாத ஜீப்

“மேடம், நாளைக்கு வில்பர்ட்டை வேற ஜீப்ல ஏத்திவிடுங்க” என்றார் பல் டாக்டர் பரமானந்தம்.

அவர்கள் இருவருக்கும் காட்டு விலங்குகளைப் படமெடுக்கக் கற்றுத்தரும் தில்ஷாத், டாக்டரைவிடப் பதினெட்டு வயது இளையவர். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

“ஏன் டாக்டர்?”

“பக்கத்துல உக்காந்துட்டு எல்லாத்தையும் அவனே அள்ளிட்டுப் போயிடறான்.”

“உங்க லென்ஸ் அவரோடதைவிடப் பெருசாச்சே.”

“அதான் மேடம் வயித்தெரிச்சல். டயர் கடை வச்சிருக்கறவனுக்குப் புலி மூஞ்சியைக் காட்டுது. எனக்கு வாலைக் காட்டுது.”

டாக்டரிடம் ஒரு நல்ல குணம் உண்டு. பொறாமையை ஒளித்து வைக்கத் தெரியாது.

தில்ஷாத்தின் வகுப்பறைச் சுவரில் வருடத்துக்கு ஒரே ஒரு மாணவர் எடுத்த படம்தான் ஏறும். மூன்று வருடமாக அது வில்பர்ட் எடுத்த படம். இந்த வருடத்துக்கு நாளைக் காலைச் சவாரிதான் கடைசி. டாக்டருக்கு இரண்டு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை.

“சரி, மாத்திவிடறேன்” என்றார் தில்ஷாத்.

மறுநாள் ஜீப்பில் முன்னால் டிரைவரும் தில்ஷாத்தும். பின் இருக்கை முழுக்க டாக்டருக்கு. மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்தார்.

காட்டுக்குள் சத்தம் கூடாது. ஏதாவது தெரிந்தால், முன்னால் இருப்பவர் ஜீப் கம்பியை இரண்டு முறை தட்டுவார். அதுதான் வழக்கம்.

குட்டைக் கரையில் நிறுத்தினார்கள். சற்று நேரத்தில் எதிர்க்கரையில் இன்னொரு ஜீப் வந்து நின்றது. அதில் வில்பர்ட்.

“மேடம், அந்தப் பக்கம் வெளிச்சம் நல்லாருக்கு” என்று கிசுகிசுத்தார் டாக்டர்.

“இங்கேயும் நல்லாத்தான் இருக்கு.”

“அவனுக்கு ஏதோ சிக்கியிருக்கு.”

பெரிய லென்ஸை வில்பர்ட்டின் பக்கம் திருப்பிக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

கம்பியில் இரண்டு தட்டு விழுந்தது.

“நானும் பார்த்துட்டேன் மேடம். கேமராவைத் தூக்கிட்டான்.”

மறுபடியும் இரண்டு தட்டு.

“பார்த்துட்டுத்தான் இருக்கேன். நம்ம பக்கமாத் திருப்பறான். என்னத்தை எடுக்கறான்னுதான் புரியலை.”

எரிச்சலில் டாக்டரின் விரல் தானாகப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தது.

தில்ஷாத் மூன்றாவது முறை தட்டவில்லை.

மாலையில் டாக்டர் கேமராவை நீட்டினார். நாற்பத்தொரு படங்கள். நாற்பத்தொன்றிலும் வில்பர்ட்.

“வேற ஒண்ணுமே கிடைக்கலை மேடம். அழிச்சிடறேன்.”

தில்ஷாத் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். கடைசிப் படத்தில் நிறுத்தினார். வில்பர்ட் கேமராவை மடியில் இறக்கி வைத்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்ணில் நீர் மின்னியது.

“இந்த வருஷம் சுவருக்கு இதுதான்.”

டாக்டருக்கு நம்ப முடியவில்லை. மூன்று வருட ஆசை. ஆனால் மாட்டப்போவது அவன் மூஞ்சி.

படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். அவ்வளவு சந்தோஷமான முகத்தை அவர் எங்கேயும் பார்த்ததில்லை.

“எதைப் பார்த்து மேடம் இவன் இப்படி உக்காந்திருக்கான்?”

“உங்க முதுகுக்குப் பின்னால ஒரு சிறுத்தை தண்ணி குடிக்க வந்து நின்னுட்டிருந்துச்சு, டாக்டர்.”