ஆட்சேபணை இல்லை

அநியாயம் நடந்தது செல்லக்கனிக்கு. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்ப்பவள். அவளுடைய ஏழு வயது மகன், அவளைப் பிரிந்துபோன கணவன் வீட்டில் இருந்தான். கோடை விடுமுறைக்காவது பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு மனுப் போட்டிருந்தாள். விசாரணைக்கு முன்பு வக்கீலை மாற்ற நினைத்தாள். பழைய வக்கீல் வளர்மதி, புது வக்கீலுக்கான வக்காலத்தில் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். கேஸ் கட்டையும் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டாள்.

அந்தக் கையெழுத்து இல்லாமல் புது வக்கீல் ஆஜராக முடியவில்லை. பழைய வக்கீல் ஆஜராகவில்லை. கோர்ட் மனுவை ஜூன் மாதத்துக்குத் தள்ளி வைத்தது. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது.

இதில் வாதாட என்ன இருக்கிறது? வளர்மதி வாதாடினாள்.

செல்லக்கனி எழுதிப்போட்ட புகாரின் பேரில் பார் கவுன்சிலிலிருந்து வளர்மதிக்கு நோட்டீஸ் வந்தது. அதன் ஒழுங்கு நடவடிக்கைக் குழு அவள் பக்கம் நியாயம் இல்லை என்று முடிவு செய்தால் கறுப்பு அங்கியைக் கழற்றி வைக்க வேண்டியதுதான். சில மாதங்களுக்கா, ஒரேயடியாகவா என்பது அவர்கள் கையில். நோட்டீஸை எடுத்துக்கொண்டு தன் சீனியர் ரத்னாவதியிடம் போனாள்.

"மேடம், நான் செஞ்சதுல என்ன தப்பு? அந்த வக்காலத்துல வேற யார் பேர் இருந்திருந்தாலும் அந்த நிமிஷமே கையெழுத்துப் போட்டிருப்பேன்."

அதில் இருந்த பெயர் பெனிட்டா.

பெனிட்டாவும் வளர்மதியைப் போலவே ரத்னாவதியிடம் ஜூனியராக இருந்தவள்தான். வளர்மதிக்குப் பிறகு வந்து, வளர்மதிக்கு முன்பே தனி ஆபீஸ் போட்டுக்கொண்டு போனவள். போகும்போது ரத்னாவதி தன்னுடைய பழைய தீர்ப்புத் தொகுப்புகளை அவளுக்குக் கொடுத்து அனுப்பினார். அத்தனை நாளும் அவற்றைத் தூசி தட்டி வைத்தது வளர்மதி. குறுக்கு விசாரணையில் பெனிட்டா சாட்சியை மடக்கினாள் என்று யாராவது சொன்னால் வளர்மதிக்குச் சோறு இறங்காது. பெனிட்டா தோற்ற நாளில் கேன்டீனின் ஆறிப்போன வடைகூட ருசிக்கும். "உங்க பார்ட்டி செல்லக்கனி இப்ப பெனிட்டா ஆபீஸ் வாசல்லதான் செருப்பைக் கழட்டுதாமே" என்று வக்கீல்கள் கிண்டல் செய்த அன்றுதான் பீரோச் சாவி அவள் கைப்பைக்குள் போனது.

ரத்னாவதி அவளை உட்காரச் சொன்னார். நோட்டீஸை முழுக்கப் படித்தார்.

"வக்காலத்து எழுது. குழு முன்னாடி உனக்கு நான் ஆஜராகிறேன்."

வளர்மதி எழுதிக் கொடுத்தாள். அதோடு, தானே தயாரித்த விளக்கத்தையும் கொடுத்தாள். பெனிட்டா அடுத்தவர் கட்சிக்காரர்களை ஆசைகாட்டி இழுப்பவள், சிரித்துப் பேசியே வளைத்துப் போடுபவள் என்று பக்கம் பக்கமாக அதில் இருந்தது. ஆதாரம் இருக்கிறதா என்று ரத்னாவதி கேட்டார். ஊருக்கே தெரியும் என்றாள் வளர்மதி. ஊர் வந்து சாட்சி சொல்லுமா என்று கேட்டுவிட்டு, அந்தப் பக்கங்களைத் தனியே எடுத்து வைத்தார். மீதி இருந்தது அரைப் பக்கம்.

அதே வாரம் பெனிட்டா ஏதோ சட்டச் சந்தேகம் கேட்க வந்தாள். ரத்னாவதி பேசிக்கொண்டே கேட் வரைக்கும் போய் அவளை வழியனுப்பிவிட்டு வந்தார். கேஸ் விஷயமாக வந்திருந்த வளர்மதி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னை ஒரு நாளாவது கேட் வரைக்கும் வந்து அனுப்பியிருக்கிறாரா? மேடம் காப்பாற்றுவது என்னை அல்ல, அவளைத்தான் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

நேரே வக்கீல் சபாநாயகத்திடம் போனாள்.

அந்த நீதிமன்றத்தில் எத்தனையோ வக்கீல்கள் இருக்க, சபாநாயகத்தை அவள் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. ரத்னாவதியோடு சேர்ந்து ஆபீஸ் நடத்தியவர் அவர். பிரிந்தபோது பெரிய கட்சிக்காரர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போனார். சங்கத் தேர்தலில் ரத்னாவதியைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் பேசி ஜெயித்தார். அவர் மாடிப்படி ஏறினால் இவர் இறங்க மாட்டார். ரத்னாவதியிடமிருந்து ஒரு கேஸ் வருகிறது என்றதும் சபாநாயகத்துக்குக் கட்டணம்கூட மறந்துபோயிற்று.

"கையெழுத்து வாங்கிட்டு வாம்மா" என்றார். "அந்தம்மா மூஞ்சி எப்படிப் போச்சுன்னு மட்டும் வந்து சொல்லணும்."

வளர்மதிக்கும் அதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஆனாலும் சீனியரின் அறை வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டாள். மறுத்துவிட்டால்? கேஸ் கட்டைப் பூட்டி வைத்துக்கொண்டால்? குழு வெள்ளிக்கிழமை கூடுகிறது. வக்கீல் இல்லாமல் அங்கே போய் நின்றால் தன் கதி என்ன? மறுத்தால் எந்தச் சட்டத்தைச் சொல்வது, எந்தத் தீர்ப்பைக் காட்டுவது என்று மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துக்கொண்டு உள்ளே போனாள்.

"மேடம், வக்கீல் மாத்தலாம்னு இருக்கேன்."

ரத்னாவதி கையை நீட்டினார். புது வக்காலத்தைப் படிக்காமலே வாங்கி மேஜையில் வைத்து, பக்கத்தில் கிடந்த தடித்த சட்டப் புத்தகத்தை எடுத்துத் தாளின் மேல்பாதியை மூடினார். புது வக்கீலின் பெயர் இருந்த பகுதி புத்தகத்துக்கு அடியில் போய்விட்டது. கீழே தெரிந்த இடத்தில் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார்.

பிறகு எழுந்து, அலமாரியிலிருந்து கேஸ் கட்டை எடுத்து வந்தார். வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தாக்கலாக வேண்டும், புது வக்கீலிடம் முதலில் அதைச் சொல் என்றார். செல்லக்கனியின் புகாரைத்தான் அவர் முதலில் படிக்க வேண்டும் என்று அதை மேலே வைத்து நாடாவைக் கட்டினார். வக்காலத்தைப் பெயர் உள்ளே போகும்படி மடித்துக் கட்டின் மேல் வைத்துக் கொடுத்தார்.

வளர்மதி கொண்டுவந்த வாதங்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. பார்க்க வந்த முகத்தையும் பார்க்க முடியவில்லை. அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"நான் யார்கிட்டப் போறேன்னுகூடப் பாக்க மாட்டீங்களா மேடம்?"

"மாட்டேன்."

"அவ்வளவுதானா நான் உங்களுக்கு?"

ரத்னாவதி பேனாவை மூடினார்.

"உன்னை மாதிரியே எனக்கும் ஆகாத பேர் ஒண்ணு உண்டு, வளர்மதி. பாத்திருந்தா கை ஓடியிருக்காது."